பச்சைத் தவளைக் கதையை எப்படி முடிப்பது?

கேள்வி: கதைசொல்லி, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் நூலகத்தில் 2 ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். 6 வயது முதல் 11 வயது வரை ஏறக்குறைய 15 பேர் வருவார்கள். பெரும்பாலோரின் தாய்மார்கள் கொழுந்து பறிக்கச் செல்பவர்கள். அவர்கள் வீடு திரும்பும் வரை பிள்ளைகள் என்னுடன் இருப்பார்கள். நம் நாட்டுக் கதைகளோடு ஜப்பான், கொரியா, வியட்நாம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் பழங்கதைகளையும் சொல்கிறேன். ஒவ்வொரு கதையும் முடிந்தபின் "இக்கதையால் நாம் அறிவது" என்று ஒரு வரி சொல்லி நிறுத்துவது என் வழக்கம். நான் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

சென்ற மாதம் அந்த வழக்கம் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஓடைப் பக்கம் தவளைகள் கத்துவதைக் கேட்டுக் கொரியாவின் பச்சைத் தவளைக் கதையைச் சொன்னேன். அறியாதவர்களுக்காக அதைச் சுருக்கமாகத் தருகிறேன். தாய் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்யும் தவளைப் பிள்ளை ஒன்று இருந்தது. மலைக்குப் போ என்றால் ஆற்றுக்குப் போகும். ஆற்றுக்குப் போ என்றால் மலைக்குப் போகும். தாய்த் தவளைக்கு இறுதிக் காலம் வந்தது. மலைமேல் புதைக்கப்பட வேண்டும் என்பதே அதன் விருப்பம். ஆனால் பிள்ளை மாற்றித்தான் செய்யும் என்று எண்ணி, "என்னை ஓடைக்கரையில் புதைத்துவிடு" என்றது. தாய் இறந்ததும் மனம் திருந்திய பிள்ளை, இந்த ஒரு சொல்லையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஓடைக்கரையிலேயே புதைத்துவிட்டது. அன்று முதல், மழை வரும்போதெல்லாம் வெள்ளம் தாயின் குழியை அரித்துக்கொண்டு போய்விடுமோ என்று தவளைகள் அழுகின்றன என்பது கதை. சொன்னதற்கு மாறாகச் செய்யும் பிள்ளையைக் கொரியாவில் இன்றும் பச்சைத் தவளை என்றே அழைக்கிறார்கள்.

பெற்றோர் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்று நான் தொடங்குவதற்குள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி எழுந்து நின்று, "அந்த அம்மா ஏன் நேராகச் சொல்லவில்லை? தவளை கடைசியில் சொன்னபடிதானே செய்தது? பொய் சொன்னது அம்மாதானே?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருட்டத் தொடங்கிவிட்டது என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அதைவிட வருத்தம் தந்தது வேறொன்று. வழக்கமாக முன்வரிசையில் அமரும் ஒரு சிறுவன் அடுத்த வாரம் வரவில்லை. அவனுடைய பாட்டியை வழியில் கண்டு விசாரித்தேன். சென்ற ஆண்டு இறந்த தாத்தாவைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே உள்ள சரிவில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த இடம் மழையில் கரைந்துவிடுமா என்று அவன் மூன்று இரவுகள் உறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

கதைக்குப் பின் நீதியைச் சொல்வதா, விடுவதா? கடுமையான முடிவுகளை உடைய பழங்கதைகளை மாற்றிச் சொல்லலாமா? பிள்ளைகளோடு பழகியவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஏழு வயது மகனின் தாய், குன்னூர்

சகோதரி, நீதியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து. சிங்கத்தைக் கிணற்றில் தன் நிழலையே பகைவனாக எண்ணிப் பாயவைத்த முயலின் கதையை என் மகனுக்குச் சொல்லி, நீதி ஒன்றும் கூறாமல் விட்டேன். சில நாள் கழித்து, செய்யாத வீட்டுப்பாடத்தைச் செய்துவிட்டதாக ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறான். கேட்டதற்கு, "முயலும் அப்படிச் சொல்லித்தானே தப்பித்தது?" என்றான். உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது எளியவன் செய்த தந்திரம் வேறு, சோம்பலை மறைக்கச் சொல்லும் பொய் வேறு என்பதை அதன்பின் உட்காரவைத்து விளக்க வேண்டியிருந்தது. கதை சொன்ன அன்றே இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிறு பிள்ளைகள் தாமாகவே சரியானதை எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிடுவது எனக்கு அச்சமாக இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உதகை

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அந்தச் சிறுமி கேட்டது நல்ல கேள்வி. அதற்காக நீங்கள் மகிழ வேண்டும். நாற்பது ஆண்டுக்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், நம் பழைய கதைத்தொகுதிகள் நீதியை எவ்வாறு கையாண்டன என்பதைப் பற்றிச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

கதையின் அடியில் கோடிட்டு ஒரு வரி நீதி எழுதுவது பள்ளிப் பாடநூல்கள் நமக்குப் பழக்கிய முறை. பஞ்சதந்திரம் அப்படி அமைந்ததன்று. கல்வியில் நாட்டமில்லாத மூன்று அரசகுமாரர்களை 6 மாதத்தில் அறிவுடையவர்களாக ஆக்குவதாக விஷ்ணுசர்மன் ஏற்றுக்கொண்டான் என்பது அதன் தொடக்கம். அங்கே ஒரு விலங்கு மற்றொரு விலங்குக்குக் கதை சொல்கிறது, கேட்ட விலங்கு, "அது எப்படி?" என்று வினவுகிறது, அந்த வினாவிலிருந்து அடுத்த கதை பிறக்கிறது. நீதி கதையின் வாலில் தொங்காமல், பேசுபவருடைய வாயில், பேச வேண்டிய நெருக்கடியில் வருகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது ஆள வேண்டியவர்களுக்காகச் சொல்லப்பட்ட நூல். நட்பைப் பிரிப்பதும், பகைவனின் கோட்டைக்குள் நுழைந்து அவனை அழிப்பதும் அதில் பாடங்களாகவே வருகின்றன. தாண்டவராய முதலியார் 1826-இல் தமிழ் உரைநடையில் தந்த பின்னர் அது பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்து, மெல்ல மெல்ல நன்னெறி நூலாகவே கருதப்பட்டுவிட்டது. குன்னூர்ச் சகோதரியின் மகன் முயல் கதையைப் பிழையாகப் புரிந்துகொண்டான் என்று நான் கூறமாட்டேன். அந்தக் கதை உண்மையில் கற்பிப்பதை அவன் கற்றுக்கொண்டான்.

புத்தரின் முற்பிறவிகளைக் கூறும், பாலி மொழியில் உள்ள 547 சாதகக் கதைகளின் அமைப்பு வேறு. புத்தர் வாழ்ந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறி, அதை ஒட்டி முற்பிறவிக் கதையைச் சொல்லி, இடையே செய்யுளை வைத்து, "அன்று அந்த முயலாக இருந்தவன் நானே" என்று புத்தர் கூறுவது போல முடிப்பார்கள். அவற்றுள் வாயாடி ஆமையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அன்னங்கள் ஒரு குச்சியின் இரு முனைகளைப் பற்றிக்கொள்ள, நடுவில் வாயால் கவ்விக்கொண்டு பறந்த ஆமை, கீழே நின்ற பிள்ளைகளின் பேச்சுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்து விழுந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே விழுந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். பேச்சை நிறுத்தத் தெரியாத ஓர் அரசனின் அரண்மனை முற்றத்தில் விழுந்தது. அவனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று காலம் பார்த்துக் காத்திருந்த அமைச்சர், "இது ஏன் விழுந்தது?" என்று அரசனே கேட்டபோதுதான் விடை கூறினார். "நீர் என்னைப் பற்றியா சொல்கிறீர்?" என்று கேட்டு, அரசன் அன்று முதல் அளந்து பேசத் தொடங்கினான்.

ஆகவே, நீதி சொல்லக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவர் வினவும் வரை பொறுத்திருந்து சொல்ல வேண்டும். ஒரு கதையைச் சனிக்கிழமை சொன்னால், அதற்குரிய ஔவையின் வரியை அடுத்த வாரமோ, அதற்குரிய செயல் நிகழும் நாளிலோ சொல்லுங்கள். அந்த வரியைப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருப்பது பிற்காலத்துக்கு உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த ஒன்றில் நான் பழமைவாதிதான்.

பதில்: தோட்டத்துப் பேரன், கூடலூர்

வணக்கம். என் பாட்டி இலங்கையின் நுவரெலியாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுள் ஒருவராக நீலகிரிக்கு வந்து, தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமாகிய டான்டீயின் தோட்டத்துக் குடியிருப்பில் எங்களை வளர்த்தார். அங்கே சிங்களப் பிள்ளைகளோடு கேட்ட மகாதன முத்தாவின் கதைகளை அவர் இங்கே எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

மகாதன முத்தா தன்னைப் பேரறிஞர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர். அவர் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டும் ஐந்து சீடர்கள் அவரோடு திரிவார்கள். ஓர் ஊரில் ஓர் ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொண்டது. என்ன செய்வது என்று அறியாத ஊரார் அவரை அழைத்து வந்தார்கள். அவர் நெடுநேரம் யோசித்து, முதலில் ஆட்டின் கழுத்தை வெட்டச் சொன்னார். தலை பானைக்குள்ளேயே இருந்ததால், அடுத்துப் பானையை உடைக்கச் சொன்னார். ஆடும் போயிற்று, பானையும் போயிற்று. பாட்டி இதோடு நிறுத்திவிடுவார். ஒரு சொல் கூடுதலாகச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாராவது அவசரப்பட்டு ஒன்றைக் கெடுத்துவிட்டு, அதைச் சரிசெய்கிறேன் என்று இன்னொன்றையும் கெடுத்தால், "பானையையும் உடைத்தாயிற்றா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி போதும். பாட்டி காலமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவியும் இன்று பிள்ளைகளிடம் அதையே கேட்கிறார். ஆசிரியர் ஐயா சொன்னதுபோல, கதை சொல்லும் நாளும் அது பயன்படும் நாளும் வேறு வேறு என்பதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

குன்னூர்ச் சகோதரியின் அச்சத்துக்கு நான் கையாளும் ஒரு வழியைச் சொல்கிறேன். ஒத்த கதைகள் இரண்டை அடுத்தடுத்துச் சொல்லுவேன். மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் சருகுமானைப் பற்றிப் பல கதைகள் உண்டு. முதுமலைக் காட்டில் சருகுமான் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அது அந்நியமான விலங்கன்று. ஆற்றைக் கடக்க விரும்பிய சருகுமான், "அரசர் உங்களுக்கு விருந்து வைக்கப் போகிறார், எண்ணி வரச் சொன்னார்" என்று கூறி முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகின்மேல் எண்ணிக்கொண்டே தாவி அக்கரை சேர்ந்து பிழைத்துக்கொள்கிறது. இதே தந்திரத்தை, 712-ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட ஜப்பானிய நூலாகிய கோஜிகியில் ஒரு வெள்ளை முயல் செய்கிறது. கரையில் கால் வைக்க ஓரடி இருக்கும்போது, "உங்களை ஏமாற்றிவிட்டேன்" என்று அது பெருமை பேச, கடைசியாகக் கிடந்த கடல்விலங்கு அதைப் பிடித்துத் தோலை உரித்துவிடுகிறது. வழியே வந்த ஒருவர், நல்ல நீரில் உடலைக் கழுவிச் சம்பங்கோரையின் பூந்துகளில் புரளச் சொல்லிக் காப்பாற்றுகிறார்.

இரண்டையும் கேட்ட பிள்ளைகள் தாமாகவே விவாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஏமாற்றியது தவறா, பெருமை பேசியது தவறா, முதலைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லையே என்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே என் வேலை. ஒரு முறை என் மகள், "சருகுமானும் அடுத்த தடவை அதே ஆற்றைக் கடக்க வேண்டும் அல்லவா?" என்றாள். அதற்குப் பின் நான் சேர்த்துச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

பதில்: இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், பண்ணைக்காடு

பழனிமலையிலிருந்து எழுதுகிறேன், அக்கா. முதலில் அந்தச் சிறுவனைப் பற்றி. கதையை மாற்றுவதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் நேரில் போய் அவனைப் பாருங்கள். கதை சொன்னவர் வாயால்தான் அவன் அச்சம் தீரும். என்னிடமும் இப்படி ஒருவன் இருந்தான். நான் தள்ளிப்போட்டேன், அவன் அதன்பின் கதைநேரத்துக்கு வரவே இல்லை. இன்றுவரை அது என் மனத்தில் முள்ளாகக் கிடக்கிறது.

கடுமையான கதைகளைப் பற்றி என் அனுபவம் இது. முதிய தந்தைக்கு மண்சட்டியில் கஞ்சி ஊற்றியவனின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்; உடைந்த சட்டியைப் பேரன் பத்திரப்படுத்தி வைக்கிறான், எதற்கு என்று தகப்பன் கேட்டால், "உங்களுக்கு வயதானால் வேண்டுமே" என்கிறான். இதே கதை ஆசியா முழுவதும் நடமாடுகிறது. சாதகக் கதை ஒன்றில் தந்தையைக் கொன்று புதைக்கச் சுடுகாட்டில் குழி தோண்டுகிறான் மகன். கூடவே வந்த ஏழு வயதுப் பேரன் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டத் தொடங்குகிறான். சீனத்தில் தாத்தாவைக் காட்டில் விட்டுவரப் பயன்பட்ட தூக்குப் பல்லக்கைப் பேரன் வீட்டுக்குத் திரும்ப எடுத்து வருகிறான். கொரியாவில் அது முதுகில் சுமக்கும் மரச்சட்டம். ஜப்பானில் வேறொரு வடிவம் உண்டு. மகன் தன்னை மலைமேல் விடுவதற்காகச் சுமந்து செல்லும்போது, தாய் வழியெல்லாம் சிறு கிளைகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே போகிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "நீ திரும்பிப் போகும்போது வழி தவறிவிடக் கூடாதே" என்கிறாள்.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளில் வரும் சுமை தெரியும். விறகையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறுபவர்களை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். வெள்ளகெவி போன்ற ஊர்களுக்குக் குதிரைமேல் சாமான் போவதையும் அறிவார்கள். ஆகவே மகன் தாயைச் சுமந்துகொண்டு மலையேறினான் என்றால் அவனுக்கு எங்கே மூச்சு வாங்கியிருக்கும் என்பதுகூட அவர்களுக்குத் தெரிகிறது. குழியையோ கிளைகளையோ எடுத்துவிட்டு, தாத்தாவை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னால் கதையில் ஒன்றுமே மிஞ்சாது. நான் மாற்றிச் சொல்வதில்லை. ஆனால் இருட்டும் நேரத்தில் சொல்வதில்லை; சொன்னவுடன் வீட்டுக்கு அனுப்புவதுமில்லை. கடுமையான கதைக்குப் பின் அரைமணி நேரமாவது பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பது நானாக வகுத்துக்கொண்ட விதி.

உங்கள் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் எங்கள் பழனிமலைக்கு உரியவன் என்பதால் அவன் கதையை இங்கே அடிக்கடி சொல்வோம். கொடையின் சிறப்பை உணர்த்த எல்லாப் பாடநூலிலும் அது இருக்கிறது. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான் என்பதையும், கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் பரிசில் வேண்டாமல், வீட்டில் அழுதுகொண்டிருக்கும் அவளிடம் திரும்பிப் போகுமாறு வேண்டிப் பாடினார்கள் என்பதையும் புறநானூறு கூறுகிறது. மயிலின் குளிருக்கு இரங்கியவனிடமே, உன் வீட்டில் இருப்பவளின் துயரைக் காணவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருவர் நல்லவர் என்று கதை சொன்னால் அவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது நம் மரபில் இல்லை. அந்தச் சிறுமி தாய்த் தவளையிடம் கேட்டதும் அத்தகைய கேள்விதான். அடுத்த வாரம் அவளையே முதலில் பேசவிடுங்கள், அக்கா.

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதுகிறார்: கதைசொல்லி, கோத்தகிரி

அனைவருக்கும் என் நன்றி. பண்ணைக்காட்டுத் தங்கையின் பதிலைப் படித்த மறுநாளே அந்தச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் என்னைக் கண்டதும் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டான். மூவருமாக அந்தச் சரிவுக்கு நடந்து போனோம். அடக்கம் செய்த இடம் ஓடையிலிருந்து நெடுந்தொலைவு மேலே இருக்கிறது. கீழ்ப்பக்கம் அவனுடைய சித்தப்பா கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார். அவன் அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். திரும்பும்போது, "தவளைக்குக் கல் கட்டத் தெரியாதா?" என்று கேட்டான். தெரியவில்லை போலும் என்றேன். அதற்குப் பின் வழியில் கண்ட வேறு எதைப் பற்றியோ பேசத் தொடங்கிவிட்டான்.

சனிக்கிழமை அவனும் வந்தான். மழை இல்லை, வெயில் இருக்கும்போதே அதே கதையை மறுபடி சொன்னேன், எதையும் மாற்றவில்லை. முடித்ததும் அந்தச் சிறுமியிடம் அவள் கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லி, மற்றவர்களைப் பதில் சொல்லவிட்டேன். அம்மா நேராகச் சொல்லியிருந்தால் தவளை நம்பியிருக்குமா என்று ஒருவன் கேட்டான். சொல்லிப் பார்த்திருக்க வேண்டும் என்றாள் அவள். எங்கள் அம்மாவும் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார், "நீ சாப்பிட வேண்டாம்" என்று சொல்லித்தான் சாப்பிட வைப்பார் என்று ஒரு சிறியவள் சொன்னதும் எல்லோரும் தங்கள் வீட்டுக் கதைகளைத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வரை நான் வைத்திருந்த வரியைச் சொல்லவே இல்லை. சொல்லத் தோன்றியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குன்னூர்ச் சகோதரி, உங்கள் அச்சம் எனக்கும் முழுவதும் நீங்கிவிடவில்லை. ஏமாற்றிப் பிழைக்கும் கதைகளுக்கு மட்டும் கூடலூர் நண்பர் சொன்னபடி இரண்டாவது கதையையும் சேர்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அடுத்த வாரம் சருகுமானும் வெள்ளை முயலும். அதற்கடுத்த வாரத்துக்கு மகாதன முத்தாவை வைத்திருக்கிறேன். கூடலூர் நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: ஆடும் பானையும் போன பிறகு அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார் என்று எங்கள் பிள்ளைகள் உறுதியாகக் கேட்பார்கள். உங்கள் பாட்டி அதைப் பற்றி ஏதேனும் சொன்னது வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.